சத்தி நிக்கப் போடுற ஊசி: உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

வடலியடி

போன மாசம் ஒருநாள் விடிய நாலரைக்கு அம்மா கத்திக் கூப்பிட்டா. ஓடிப்போய்ப் பாத்தா, கட்டில் சட்டத்தை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சபடி கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறா. "தம்பி, வீடு சுத்துது, கட்டிலைப் பிடி" எண்டுறா. தலையை ஒரு பக்கம் திருப்பினா உடன ஓங்காளம். முதல்ல இரவு சாப்பிட்ட புட்டு, பிறகு பச்சைத் தண்ணி, கடைசியில ஒண்டும் வராம வெறும் ஓங்காளம். 68 வயசு, பிறசரும் இருக்கு. பாரிசவாதமோ எண்டு எனக்குக் கை நடுங்கத் தொடங்கீட்டுது. 1990க்கு அடிச்சு அம்புலன்ஸில கொண்டு போனம்.

டொக்டர் கதைக்கச் சொல்லிப் பாத்தார், கை காலைத் தூக்கச் சொன்னார், கண்ணுக்கு முன்னால விரலை ஆட்டினார், சீனியும் பாத்தார். "பயப்பிடுற மாதிரித் தெரியேல்ல, முதல் சத்தியை நிப்பாட்டுவம்" எண்டார். மிஸ்ஸி ஒரு சின்ன மண்ணிறக் குப்பியின்ர கழுத்தை விரலால ரெண்டு தரம் சுண்டி, மேல நிண்ட மருந்தைக் கீழ இறக்கி, டக் எண்டு முறிச்சா. எழுத்தைப் பாத்தன்: புரோமெதசின். எங்கட வீட்டில பெனர்கன் பாணி எண்டு தம்பியின்ர சொறிக்குக் குடுத்த அதே மருந்து!

"மிஸ்ஸி, இது கடிக்கு, சொறிக்குக் குடுக்கிறதல்லோ?"

"ஓம் அண்ணை. சத்திக்கும் இதுதான். அம்மாவை அசையாமப் பிடியுங்கோ."

தொடையில ஆழமாப் போட்டா. இருவது நிமிசமிருக்கும், அம்மாவின்ர பிடி தளர்ந்துது. ஓங்காளம் நிண்டுது. பிறகு பாருங்கோ, ஒரு நித்திரை! மத்தியானம் எழும்பி "வாய் காயுது" எண்டு தண்ணி கேட்டா, குடிச்சிட்டுத் திரும்பவும் நித்திரை. பின்னேரம் நான் தேத்தண்ணி வாங்கப் போன நேரம், தானே எழும்பி டொய்லெட்டுக்குப் போக வெளிக்கிட்டிருக்கிறா. கால் பின்னிப் போச்சுது. பக்கத்துக் கட்டில் அக்கா பிடிச்சபடியால் தப்பினா. அந்தப் பிழை என்ரதான். வயசான ஆளுக்கு இந்த ஊசி போட்டா அண்டைக்கு முழுக்க ஒராள் பக்கத்தில இருக்கவேணும்.

அலேர்ஜி மருந்து எப்பிடிச் சத்தியை நிப்பாட்டுது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

சோளகக் காத்து

எனக்குத் தெரிஞ்ச பதில் கடல் சம்பந்தப்பட்டது. 1947இல அமெரிக்காவில, பால்ற்றிமோரில இருக்கிற ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சி தோல் தடிப்புக்கு மருந்தெடுக்க வந்தவவாம். அவவுக்கு ட்ராம் வண்டியில ஏறினா எப்பவும் பிரட்டும். அலேர்ஜிக்கு எண்டு குடுத்த புது மருந்தைக் குடிச்ச பிறகு ட்ராமில ஒண்டும் செய்யேல்லை எண்டு அவவே வந்து சொல்லியிருக்கிறா. டொக்டர்மார் சும்மா விடேல்லை. அந்த வருசக் கடைசியில நியூயோர்க்கில இருந்து ஜேர்மனிக்குப் போன 'ஜெனரல் பலூ' எண்ட கப்பலில, படைவீரரை வைச்சுப் பரிசோதிச்சுப் பாத்தவை. அந்த மருந்துதான் டைமென்ஹைட்ரினேட். குளிசையாயும் இருக்கு, ஊசியாயும் இருக்கு.

எங்கட ட்ராம் குறிகட்டுவானில இருந்து நெடுந்தீவுக்குப் போற போட். சோளகம் அடிக்கிற மாசத்தில ஒருக்கா ஏறிப் பாருங்கோ. நான் குளிசையைப் போட் வெளிக்கிட்ட பிறகு போட்டனான். பாதி வழியில குளிசை, கச்சான், காலமைச் சாப்பாடு எல்லாம் கடலுக்கு. ஏறுறதுக்கு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் முன்னமே போட்டிருக்க வேணும். சத்தி தொடங்கினா வயிறு குளிசையை வைச்சிருக்காது, அதுக்குப் பிறகு ஊசிதான்.

பழைய மிஸ்ஸி

31 வருசம் நேர்ஸா இருந்து பென்சன் எடுத்தனான். வடலியடித் தம்பிக்கு என்னால ஏண்ட அளவு சொல்லுறன்.

உள்காதில இருந்து "ஆடுது, சுத்துது" எண்ட செய்தி மூளைக்குப் போய், அங்க இருக்கிற சத்தி மையத்தைத் தட்டி எழுப்புது. அந்த வழியில ஹிஸ்ரமினுக்கும் வேலை இருக்கு. பழைய அலேர்ஜி மருந்துகள் மூளைக்குள்ள போகக் கூடியவை, போய் அந்த வழியை மறிக்கும். அதாலதான் நித்திரையும் வருது. இதே மருந்துகள் எச்சில் ஊறுறதையும் குறைக்கும், வாய் காயுறது அதால. இப்ப வாற செற்றிரிசின், லொராடடின் மாதிரி மருந்துகள் மூளைக்குள்ள பெரிசாப் போகாது. நித்திரை குறைவு, ஆனா சத்திக்கு உதவாது. "வீட்டில அலேர்ஜிக் குளிசை கிடந்தது, பஸ்ஸுக்கு அதைப் போட்டன், கேக்கேல்லை" எண்டு எத்தினை பேர் வந்து சொல்லியிருப்பினம் என்னட்ட!

இனி ஊசி. பெனர்கனைத் தசையில ஆழமாப் போடுறதுதான் நல்லது. பெரிய ஆளுக்கு வழமையா 12.5 தொடக்கம் 25 மில்லிகிராம், நாலஞ்சு மணித்தியாலம் நிக்கும். தோலுக்குக் கீழ போடவே கூடாது. நாளத்தில போட வேண்டி வந்தா வடிவாக் கரைச்சு, மெல்ல மெல்ல ஏத்த வேணும். அமிலத்தன்மையான மருந்து. நாளத்துக்கு வெளியால கசிஞ்சாலோ, தப்பித் தமனிக்குள்ள போனாலோ சதை அழுகிப் போகும். அமெரிக்காவில டயானா லெவின் எண்ட இசைக்கலைஞர் 2000ஆம் ஆண்டு தலையிடிக்கும் பிரட்டலுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக, இந்த மருந்தை நேர நாளத்தில ஏத்தி, அது தமனிக்குள்ள போய், கடைசியில வலக்கையை முழங்கைக்குக் கீழ எடுக்க வேண்டி வந்தது. மருந்துக் கொம்பனிக்கு எதிரா அவ போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2009இல அவ வெண்டவ. அதே வருசம்தான் அங்க மருந்துக் குறிப்பில பெட்டி கட்டின கடும் எச்சரிக்கையும் போட்டவை.

இதைப் பயப்பிடுத்த எழுதேல்லை. எங்கட சனம் ஊசி எரிஞ்சாலும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கும், "மிஸ்ஸி ஏசுவா" எண்டு. எரிஞ்சா உடன சொல்லுங்கோ. நான் ஏசின நாளும் இருக்கு, மறைக்கேல்லை. ஆனா எரியுது எண்டு சொன்ன ஆளை ஒருநாளும் ஏசினதில்லை.

2 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளுக்கு இந்த மருந்து வேண்டாம், மூச்சை அமத்திப்போடும்.

இருபாலைக்காரி

மூத்தவன் வயித்தில இருக்கேக்க மூண்டு மாசம் சோத்து வாசமே ஆகாது. மாமி தேசிக்காயை வெட்டி மூக்கில வைச்சுப் பாத்தா, இஞ்சித் தேத்தண்ணி தந்து பாத்தா. 6 கிலோ குறைஞ்சு வாட்டில விட்டாச்சு. சேலைன், விற்றமின் பி1, இந்த ஊசி. பிள்ளைக்கு ஏதும் செய்யுமோ எண்டு அழுதன். வாட் டொக்டர், "கனகாலமாப் பிள்ளைத்தாய்ச்சியளுக்குக் குடுத்து வாற மருந்து, நீர் இப்பிடிக் காயுறதுதான் பிள்ளைக்குக் கூடாது" எண்டா. ஊசி போட்டா நித்திரை, எழும்பினா ரெண்டு பிஸ்கட் உள்ள நிக்கும், திரும்ப ஊசி. ஒரு கிழமை அப்பிடித்தான். அவன் இப்ப ஓஎல் எடுக்கிறான், சோத்தில குறை சொல்லிக்கொண்டு.

கார்த்திகை மழை

நான் எழுதுறது வேற மாதிரியான கதை.

மாரியில என்ர மருமோனுக்கு, அக்காவின்ர மகன், 14 வயசு, காய்ச்சல். நாலாம் நாள் காய்ச்சல் விட்டுது, அக்காவுக்குச் சந்தோசம். ஆனா சத்தி தொடங்கீட்டுது, வயித்து நோவும். கிட்டடியில இருந்த ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனம். பேர் வேண்டாம். ரத்தம் சோதிக்கேல்லை. "வயித்துக் கோளாறு" எண்டு இந்த ஊசியை இடுப்பில போட்டு அனுப்பினவை. சத்தி நிண்டுது. பிள்ளை படுத்திட்டான். "பாவம், மூண்டு நாள் நித்திரையில்லை, படுக்கட்டும்" எண்டு நாங்கள் கதவைச் சாத்திவிட்டம்.

அப்பம்மாதான் பின்னேரம் போய்க் காலைத் தொட்டுப் பாத்தவ. "டேய், பிள்ளையின்ர கால் தண்ணியாக் கிடக்கு" எண்டா. காலமைக்குப் பிறகு அவன் மூத்திரமும் பெய்யேல்லை.

டெங்கு. காய்ச்சல் விடுற நேரந்தான் அதில ஆபத்தான நேரமாம். நிக்காத சத்தி ஒரு அறிகுறி, சோர்ந்து படுக்கிறது இன்னொரு அறிகுறி. ஊசி முதலாவதை நிப்பாட்டிப் போட்டுது. ரெண்டாவது வந்தபோது அது ஊசியால வந்த நித்திரை எண்டு நாங்கள் நினைச்சிட்டம். பிளேட்லெட் குறைஞ்ச நேரம் தசையில ஊசி போடக்கூடாது எண்டும் பிறகுதான் தெரியும். ஊசி போட்ட இடம் உள்ளங்கையளவு கறுத்து வீங்கியிருந்தது. நாலு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில. பிள்ளை தப்பீட்டான். அக்கா அந்தக் கதவை இப்பவும் சாத்த விடுறதில்லை.

மருந்தில பிழை சொல்லேல்லை. ஏன் சத்தி வருது எண்டு பாக்காமப் போட்டதுதான் பிழை. நாங்களும் கேக்கேல்லை.

பழைய மிஸ்ஸி

கார்த்திகை மழை, வாசிச்சு மனசு கனத்துப் போச்சு. தலையில அடிபட்டுச் சத்தி எடுக்கிற பிள்ளைக்கும் இதே கதைதான். நித்திரை ஆக்கிற மருந்தைப் போட்டா, மயங்கிறானோ நித்திரை கொள்ளுறானோ எண்டு எங்களுக்கே பிடிபடாது.

சுன்னாகத்தான்

சத்தி ஊசி எல்லாம் ஒண்டில்லை எண்டதுக்கு என்ர கதை. ஏஎல் படிக்கேக்க சாப்பாடு ஒத்துவராமப் போய் மக்ஸலோன் ஊசி போட்டவை. அது அலேர்ஜி இனமில்லை, வேற. வீட்ட வந்து கொஞ்ச நேரத்தால கழுத்து ஒரு பக்கம் இழுக்குது, கண் மேல போகுது, நாக்குத் தடிக்குது. பக்கத்து வீட்டு ஆச்சி வேப்பிலையோட வந்திட்டா. திரும்பக் கொண்டு ஓட, டொக்டர் பாத்தவுடன சிரிச்சார். இளம் ஆக்களுக்கு அந்த மருந்து இப்பிடிச் செய்யிறதாம். அதை எடுக்க என்ன போட்டவை தெரியுமோ? பெனர்கன்! கொஞ்ச நேரத்தில கழுத்து நேராச்சு. வேப்பிலையாலதான் எண்டு ஆச்சி இண்டைக்கும் சொல்லிக்கொண்டு திரியிறா.

தெல்லிப்பழைப் பாதை

மாமிக்கு தெல்லிப்பழையில கீமோ. மருந்து ஏத்த முதல் அலேர்ஜி ஊசி ஒண்டு போடுவினம். சத்திக்கு எண்டுதான் நான் நினைச்சிருந்தன். இல்லையாம், அந்தக் கீமோ மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகாமல் இருக்கத்தானாம். கீமோச் சத்திக்கு ஒன்டன்செற்றோன், அது வேற.

வடலியடி

எல்லாருக்கும் நன்றி. கார்த்திகை மழையின்ர கதையை அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன்.

அம்மாவின்ர கதைக்கு முடிவையும் சொல்லவேணும். பத்து நாளால திரும்பச் சுத்தினது. இந்த முறை காது டொக்டரட்டப் போனம். ஊசியே இல்லை. அம்மாவைப் படுக்க வைச்சு, தலையை ஒரு பக்கம் திருப்பி அரை நிமிசம், மற்றப் பக்கம் அரை நிமிசம், பிறகு உடம்போட சரிச்சு, எழுப்பி இருத்தினார். அவ்வளவுதான். உள்காதில சின்னச் சின்னச் சுண்ணாம்புத் துகள் இடம் மாறி நிண்டதாம், அதைத் திருப்பித் தள்ளிவிட்டதாம்.

அம்மா வீட்ட வந்து வெத்திலைத் தட்டத்தை இழுத்து வைச்சுக்கொண்டு கனநேரம் யோசிச்சா. "தம்பி, நான் வாய்க்குள்ளதானே போடுறனான், அதெப்பிடியடா காதுக்க போனது?"