மெசினுக்குப் பின்னால என்ன கொழுவுறது?

குழு: மாதம்பைக் காணி 🌴

குகன்: காணிக்கு வாங்கிற சின்ன ட்ரக்டர் மெசின் முடிவாச்சு. 24 குதிரைவலு, நாலு சில்லும் இழுக்கிறது. பின்னால என்னென்ன வேணுமெண்டு ஷோரூமில கேக்கினம். மண்ணைக் கிண்டி உழுற ரொட்டவேட்டர் ஒண்டு பாதி விலைக்குத் தாறமெண்டும் சொல்லினம். நாளைக்குப் பின்னேரத்துக்கு முன்னம் சொல்ல வேணும்.

குகன்: [படம்]

நிரு: சூப்பர் அண்ணா 🔥 முன்னுக்கு அள்ளித் தூக்கிற லோடர் போடுங்கோ

வாசுகி அக்கா: லோடர் என்ன விலை எண்டு தெரியுமோ உனக்கு?

நிரு: தெரியாது அக்கா. போட்டா வடிவா இருக்கும்

வாசுகி அக்கா: 🙄

செல்வம் அத்தான்: எனக்கெண்டா ரொட்டவேட்டர் வேண்டாம். அந்தக் காணியில உழவு எங்க கிடக்கு? தென்னைக்குக் கீழ புல்லும் காஞ்ச ஓலையும்தான். ஓலை அந்தக் கத்தியில சுத்தினா, மெசின் ஓட்டப்போற சுனில் அரைநாள் அதுக்குக் கீழ படுத்திருந்து வெட்டி எடுக்க வேணும்.

குகன்: கிணத்தடிப் பக்கம் அன்னாசி போடுற யோசனை இருக்கெல்லோ அத்தான்

செல்வம் அத்தான்: அது அரை ஏக்கர். வாடகைக்குப் பிடிச்சு ஒருக்கா அடிச்சா முடிஞ்சுது.

பெரியமாமா: குகன், அந்தப் படத்தில பின்பக்கம் தெரியேல்ல. கீழ்க் கை இரண்டையும் நடுவில மேல் கம்பியையும் கிட்டவா எடுத்து அனுப்பு. கையின்ர நுனியில உருண்டை ஒண்டு இருக்கும், அதின்ர ஓட்டை தெரிய வேணும்.

குகன்: [படம்] [படம்] இதோ மாமா

பெரியமாமா: சரி. இது முதலாம் கட்டகரி. கட்டகரி எண்டா கொழுவலின்ர அளவு வகை. எழுதி வை. இனி எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான்.

குகன்: பக்கத்துத் தோட்டத்து ரஞ்சித் மாத்தையா தன்ர பழைய 9 கொழுக் கலப்பையைச் சும்மா மாதிரித் தாறனெண்டவர். அதையும் எடுப்பமோ?

பெரியமாமா: அவற்ற மெசின் எத்தினை குதிரைவலு?

குகன்: 75 எண்டு நினைக்கிறன்

பெரியமாமா: அப்ப அது இரண்டாம் கட்டகரி. கீழ்ப் பின், அதாவது கொழுவுற ஆணி, 28 மில்லிமீட்டர். உன்ர உருண்டையின்ர ஓட்டை 22. மேல் பின் அவருக்கு 25, உனக்கு 19. சின்னப் பின் பெரிய ஓட்டைக்குள்ள போறதெண்டா இடையில புஷ் எண்ட வளையம் போட்டுச் சமாளிக்கலாம். இது மறுவளம். வெல்டிங் கடையில பின்னைக் கடைஞ்சு மெலிசாக்கித் தாறமெண்டுவாங்கள், ஓமெண்டிடாதை. அந்தப் பின்னிலதான் முழுப் பாரமும் தொங்கிறது. அதோட 9 கொழுவையும் மண்ணுக்க இறக்கினா உன்ர மெசின் நிண்ட இடத்தில நிண்டு சில்லைத்தான் சுத்தும்.

நிரு: பின் மட்டுமில்ல மாமா, இரண்டு கைக்கும் இடையில உள்ள அகலமும் வேற. முதலாம் கட்டகரிக்கு 683 மில்லிமீட்டர், இரண்டாமதுக்கு 825.

பெரியமாமா: படிச்ச பிள்ளை. லோடர் கேட்டதும் இந்த வாய்தானே 😄

வாசுகி அக்கா: எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. எதுக்குக் காசு, எதுக்கு இல்லை, அதை மட்டும் சொல்லுங்கோ.

பெரியமாமா: பிள்ளை, காணியில என்ன வேலை இருக்கெண்டு முதல்ல பாப்பம். செல்வம், வருஷம் முழுக்க ஆளுக்குக் கூலி குடுத்துச் செய்யிற வேலை எது?

செல்வம் அத்தான்: புல்லு வெட்டுறது. மழை முடிய இடுப்பளவுக்கு நிக்கும். அடுத்தது தேங்காய் பறிச்சு ரோட்டடிக்குக் கொண்டு வாறது. பிறகு வேலி. பட்ட மரங்களுக்குப் பதிலாக் கன்றும் வைக்க வேணும்.

பெரியமாமா: அப்ப புல்லு வெட்டுற ஸ்லாஷர் முதல், பின்னால இழுக்கிற பெட்டி இரண்டாவது. மிச்சத்தைப் பிறகு பாப்பம். ஸ்லாஷர் நாலடி அகலம் போதும். மெசின்ர ரயர்த் தடம் இரண்டையும் அது மூடினாச் சரி. ஐந்தடி தள்ளப் பாப்பாங்கள், வாங்காதை. எஞ்சின் 24 எண்டாலும் பின்னால சாமானைச் சுத்திற பீ.ரீ.ஓ.வுக்கு வாறது அதிலும் குறைய. கத்தி இறுக்கிப் பூட்டினதாயிருக்கக் கூடாது, பின்னில தொங்கிச் சுத்துற கத்தியா இருக்க வேணும். புல்லுக்க பழைய தென்னங்குத்தி கிடந்து அடிபட்டா, தொங்கிற கத்தி மடங்கிப் போகும். இறுக்கின கத்தி அந்த அடியைக் கியர்ப்பெட்டிக்குக் குடுக்கும்.

பெரியமாமா: லுணுவிலத் தென்னை ஆராய்ச்சிக்காரர் சொல்லுற இடைவெளி 26 அடி. எங்கட மரங்களும் அப்பிடித்தான் நிக்குது. மரத்திலயிருந்து எல்லாப் பக்கமும் ஆறடி வட்டம் பசளைக்கு விட்டா நடுவில 14 அடி மிஞ்சும். நாலு ஓட்டத்தில ஒரு வரிசை முடியும். வட்டத்துக்குள்ள மெசின் போகக் கூடாது. வேர் அங்கதான். ரொட்டவேட்டரைச் சுனிலின்ர கையில குடுத்தா அந்த வேரைத்தான் முதல்ல கிண்டுவான்.

குகன்: சரி மாமா, ரொட்டவேட்டர் வெட்டு. வேலிக் கட்டைக்குக் குழி துளைக்கிற ஓகர்?

செல்வம் அத்தான்: ஓகர் இருந்தாக் கன்றுக்கும் குழி வெட்டலாமே

பெரியமாமா: ஏலாது. கன்றுக் குழி மூண்டடிக்கு மூண்டடி, ஆழமும் மூண்டடி. ஓகர் போடுறது ஓரடி அகல ஓட்டை. வேலிக்குச் சரி, ஆனா வேலி ஒருக்காத்தானே அடிக்கிறது. வாடகைக்கு எடு. எடுக்கேக்க ஷியர் போல்ட் கையில நாலைஞ்சு வச்சிரு. அது உடையிறதுக்கெண்டே போடுற போல்ட். உடைஞ்சவுடன கெட்டி போல்ட் ஒண்டைப் போட்டா அது உடையாது, கியர்ப்பெட்டிதான் உடையும்.

நிரு: குயிக் ஹிட்ச் சட்டம்? அதைப் பூட்டினா சீற்றில இருந்தபடியே கொழுவலாம், இறங்கத் தேவையில்ல

பெரியமாமா: இரண்டு சாமானுக்கு அது எதுக்கு? அந்தச் சட்டம் எல்லாத்தையும் ஒரு நாலு அங்குலம் பின்னுக்குத் தள்ளும். பாரம் பின்னுக்குப் போகப் போகத் தூக்கிற சக்தி குறையும். பீ.ரீ.ஓ. தண்டும் கட்டையாப் போகும். இங்க பட்டறையில அடிச்ச சாமான்கள் அந்தச் சட்டத்தின்ர அளவுக்கு வாறதும் இல்லை.

நிரு: 😔

குகன்: பீ.ரீ.ஓ. தண்டு ஸ்லாஷரோட வருமெல்லோ?

பெரியமாமா: வரும், ஆனா நீளம் எல்லா மெசினுக்கும் ஒண்டில்லை. ஸ்லாஷரைக் கொழுவி மேல தூக்கியும் கீழ இறக்கியும் பார். ஆகக் கிட்டவா வாற இடத்தில குழாயின்ர அடி முட்டக் கூடாது. ஆகத் தூரமாப் போற இடத்தில உள்ளுக்க மூண்டிலொரு பங்காவது பிடிச்சிருக்க வேணும். நீளம் கூடினா அளந்து வெட்ட வேணும். அப்பிடியே பூட்டி ஓட்டினா முதல் பள்ளத்திலயே பீ.ரீ.ஓ. பெயரிங் போகும்.

அம்மா: சுனில் சாரத்தோடதானே மெசினில ஏறுவான்

பெரியமாமா: அக்கா சொன்னதுதான் இண்டைக்கு ஆகப் பெரிய கதை. அந்தத் தண்டு நிமிஷத்துக்கு 540 சுத்து. ஒரு செக்கனுக்கு ஒன்பது. சாரத்தின்ர தொங்கல் பட்டா ஆள் சத்தம் போட முந்தியே காரியம் முடிஞ்சிடும். மேல பிளாஸ்ரிக் உறை இல்லாத தண்டு எடுக்கவே கூடாது. சுனிலுக்குக் காற்சட்டை.

வாசுகி அக்கா: காற்சட்டை இரண்டு, கணக்கில போட்டாச்சு.

குகன்: பெட்டி? கீழ்க் கை இரண்டுக்கும் குறுக்க ஓட்டை போட்ட இரும்புப் பட்டம் ஒண்டு பூட்டி அதில பெட்டியைக் கொழுவலாமெண்டு சொல்லினம்

பெரியமாமா: ஐயோ வேண்டாம். அந்தப் பட்டத்தைத் தூக்கினா இழுவை மேலுக்குப் போகும். பின்னச்சுக்கு மேலால இழுத்தா முன்சில்லு எழும்பும். பிறகு மெசின் ஆளுக்கு மேல. ஹரி பெர்குசன் 1926ல இரண்டு கையும் மேல் கம்பியும் சேர்ந்த இந்த மூண்டு முனைக் கொழுவலுக்குப் பேட்டன்ட் எடுத்ததே இந்தக் கரைச்சலாலதான். அதுக்கு முந்தி கலப்பை கல்லில மாட்டினா மெசின் குதிரை மாதிரி எழும்பும். மேல் கம்பி வந்த பிறகு அந்த உதைப்பு முன்னுக்குத் தள்ளிச் சில்லை நிலத்தில அமத்திச்சுது. ஆனா பெட்டிக்கு மேல் கம்பி இல்லை. அதாலதான் பெட்டி எப்பவும் கீழ இருக்கிற இழுவைக் கம்பியான ட்ரோபாரில. வேற எங்கயும் இல்லை.

செல்வம் அத்தான்: ஒரு தரத்துக்கு எத்தினை தேங்காய் ஏத்தலாம் மாமா?

பெரியமாமா: உரிக்காத தேங்காய் ஒண்டு ஒரு கிலோவுக்கு மேல. ஆயிரம் ஏத்தினாப் பெட்டியோட சேர்த்து மெசினைவிடப் பாரம். ஐந்நூறு, அறுநூறோட நிப்பாட்டு. இரண்டு தரம் போறதால ஒண்டும் குறையாது.

வாசுகி அக்கா: ரோட்டில ஏறுறதெண்டாப் பெட்டிக்கும் தனி நம்பர் எடுக்க வேணும். அதுக்கு நாரஹேன்பிட்ட மோட்டார் போக்குவரத்துக் கந்தோருக்கு நான் போகமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்.

குகன்: நான் போறன் அக்கா

குகன்: ஷோரூமுக்கு இப்பிடி அனுப்புறன், பாருங்கோ. "ரொட்டவேட்டர் வேண்டாம். ஸ்லாஷர் 4 அடி, முதலாம் கட்டகரி, தொங்கிற கத்தி, உறையோட தண்டு. பெட்டிக்கு ட்ரோபார். ரொட்டவேட்டரில விடுற கழிவுக்குப் பதிலா முன்பக்கப் பாரம் தர முடியுமா?"

பெரியமாமா: முன்பக்கப் பாரம் கேட்டது மெத்தச் சரி. பின்னால ஸ்லாஷரைத் தூக்கேக்க மெசின்ர நிறையில ஐந்திலொரு பங்காவது முன்னச்சில நிக்க வேணும். இல்லாட்டி ஸ்ரியரிங் கேக்காது. பக்கத்துக்கு ஆடாமப் பிடிக்கிற சங்கிலி இரண்டையும் எழுது, அதைத் தராமல் விடுவாங்கள்.

குகன்: எழுதீட்டன். அனுப்பியாச்சு.

குகன்: பதில் வந்திட்டுது. பாரம் தருவினமாம், சங்கிலி மெசினோடயே வருதாம். ட்ரோபாருக்குத் தனிக் காசு.

வாசுகி அக்கா: அது எவ்வளவு எண்டு பில்லில தனியா எழுதித் தரச் சொல்லு. வாய்ச்சொல் வேண்டாம்.

பெரியமாமா: எடுக்கப் போற அண்டைக்கு என்னையும் ஏத்திக்கொண்டு போ. ஓட்டையை நான் வேனியர் அளவுகோலால அளந்து பாக்காமல் ஒருத்தரும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

நிரு: நானும் வாறன். லோடர் விலை மட்டும் கேட்டுப் பாக்கிறன்