கடற்கரையைப் பூட்டி, கல்யாண மண்டபத்தைத் திறந்து வைத்தது சரியா?

நடைக்காரர், நாகர்கோவில்:

இன்னொரு பெருந்தொற்று வந்தால் நம் குமரி மாவட்டத்தில் எதை மூட வேண்டும், எதைத் திறந்து வைக்க வேண்டும் என்று இப்போதே பேசி வைப்பது நல்லது. வந்த பிறகு யாருக்கும் யோசிக்க நேரம் இருக்காது. என் கட்சி இது: கொரோனா காலத்தில் சங்குத்துறை, சொத்தவிளை போன்ற கடற்கரைகளைப் பூட்டியது தவறு.

2021 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். 18ஆம் தேதி வந்த அறிவிப்பில் கடற்கரையும் பூங்காவும் எல்லா நாளும் மூடல். அதே நேரத்தில் கல்யாணத்துக்கு 100 பேர் கூடலாம் என்று இருந்தது. ஏசி போட்ட மண்டபத்துக்குள் 100 பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, முகக்கவசத்தைக் கழற்றி, பந்தியில் சாப்பிடலாம். காற்று வீசும் மணலில் ஒருவர் தனியாக நடக்கக் கூடாது. இதற்கு என்ன காரணம்? கல்யாணம் கடமை, கடற்கரை உல்லாசம் என்ற எண்ணம்தான். நோய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது. காற்று ஓடுகிறதா, ஓடவில்லையா என்பதுதான் அதற்குக் கணக்கு.

ஒரு மனிதன் மாதக்கணக்கில் சந்தோஷம் எதுவும் இல்லாமல் அடங்கிக் கிடக்க மாட்டான். வெளியில் கிடைக்கும் சந்தோஷத்தைப் பறித்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தேடுவான். பக்கத்து வீட்டு மாடியில் சீட்டு, சொந்தக்காரர் வீட்டில் விருந்து. நம் தெருக்களில் நடந்தது அதுதானே?

செவிலி, கல்குளம்:

அண்ணாச்சி, நீங்கள் தனியாக நடப்பவர். ஆனால் கடற்கரை உங்களுக்கு மட்டும் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொத்தவிளைக்கு யாரும் தனியாக வருவதில்லை. ஒரு வேனில் மொத்தக் குடும்பமும் வருகிறது. கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, அரை மணி நேரம் ஒருவர் மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். மணலில் இறங்கிய பிறகு காற்று நல்ல காற்றுதான். வழியில் பரவியதை அது என்ன செய்யும்?

நான் 2021 மே மாதம் வார்டில் நின்றவள். ஆக்சிஜன் படுக்கைக்காக வாசலில் ஆட்கள் காத்திருந்த நாட்கள் அவை. பாதுகாப்பு உடையைப் போட்டால் பணி முடியும்வரை தண்ணீர் குடிக்க முடியாது. அந்த நேரத்தில் "கொஞ்ச நேரம் காற்று வாங்கப் போனோம்" என்று சொன்ன குடும்பத்தில் ஒருவர் பின் ஒருவராக வந்து படுத்ததைப் பார்த்தேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் விதி எளிமையாக இருந்தால்தான் ஜனம் கேட்கும். "இந்த வகைச் சந்தோஷம் சரி, அந்த வகை சரியில்லை" என்று நுணுக்கமாகச் சொன்னால் எல்லாரும் தங்களுக்குப் பிடித்ததைச் சரி என்ற பக்கத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

கல்யாணத்துக்கு 100 பேரை விட்டதும் தவறுதான். அதை மூடியிருக்க வேண்டும். கடற்கரையைத் திறப்பது அதற்குப் பரிகாரம் இல்லை.

பாட்டுக்குழு அக்கா, மார்த்தாண்டம்:

எளிய விதி என்று நீங்கள் சொல்வதில்தான் எனக்குச் சந்தேகம், சிஸ்டர். எளிய விதி தப்பான விதியாகவும் இருந்தது. 2020 மார்ச் கடைசியில் உலக சுகாதார நிறுவனமே இது காற்றில் பரவும் நோய் இல்லை என்று சொன்னது. எல்லாரும் கையைத்தான் கழுவினோம். காய்கறியைக் கழுவினோம், பால் பாக்கெட்டைக் கழுவினோம்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் என்று ஒரு பகுதி. அங்கே 2020 மார்ச் 10 அன்று ஒரு பாட்டுக்குழு உள்ளரங்கில் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்கு நோய் வந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். சேர்ந்து பாடியபோது மூச்சோடு வந்த நுண்துளிகளே முக்கியக் காரணமாக இருந்திருக்கும் என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது, ஏனென்றால் எங்கள் கோவிலில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு நாங்களும் அப்படித்தான் சின்ன அறையில் நெருங்கி நிற்போம்.

பாட்டை விட்டுவிட முடியுமா? என்னால் முடியவில்லை. எனக்குப் பாட்டு பொழுதுபோக்கு இல்லை, வாரம் முழுக்கத் தாங்குவதற்கான பலம். அதனால் எங்கள் குழு வளாகத்து மாமரத்தடிக்குப் போனது. ஆளுக்கு ஆள் நல்ல இடைவெளி, குறைந்த பேர், குறைந்த நேரம். ஹார்மோனியம் சத்தம் பின்னால் நிற்பவருக்குக் கேட்காது, தாளம் பிந்தும். பரவாயில்லை. எதை விடுவது என்பதை யோசிப்பதைவிட, எப்படி மாற்றிச் செய்வது என்று யோசித்தால் நிறைய மிஞ்சும்.

வடிவீஸ்வரம் பெண்:

கடற்கரை என்று பேசுகிறீர்கள். ஊரில் சாயாக்கடைக்கும் இதே பேச்சுதான். அவை யாருடைய சந்தோஷங்கள்? சாயாக்கடை பெஞ்சை எடுத்தபோது ஊரே அழுதது. 2020 மே மாதம் பார்சல் மட்டும் என்று கடையைத் திறந்ததும் டம்ளர் இல்லாத சாயா சாயாவா என்று ஒரே புலம்பல். அந்த பெஞ்சில் நான் ஒரு நாளும் உட்கார்ந்தது கிடையாது.

எங்களுக்கு இருந்தது மதில் பேச்சு. மத்தியானம் வேலை முடிந்து பக்கத்து வீட்டு அக்காவோடு மதில் ஓரம் நிற்கும் அரை மணி நேரம். அப்புறம் மகளிர் குழுக் கூட்டம், வெள்ளிக்கிழமை நாகராஜா கோவில். ஊரடங்கில் கோவிலும் கூட்டமும் நின்றது. வீட்டிலோ எல்லாரும் இருந்தார்கள். காலையில் புட்டு, பதினொரு மணிக்குச் சாயா, நாலு மணிக்குப் பழம்பொரி, ராத்திரி கஞ்சியும் பயறும் என்று அடுப்பு அணையவே இல்லை. வீட்டில் இருந்து எல்லாரும் சமைத்து மகிழ்ந்தோம் என்று சிலர் அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறார்கள். சமைத்தது யார் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்.

அதனால் எதைத் திறப்பது என்று பட்டியல் போடுகிறவர்கள் பெண்களின் அரை மணி நேரத்தையும் அதில் எழுத வேண்டும்.

முட்டம் கடலோடி:

நீங்கள் எல்லாரும் கடற்கரை என்றால் உல்லாசம் என்றே பேசுகிறீர்கள். எங்களுக்குக் கடற்கரைதான் முற்றம். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுக்காரனிடம் "வீட்டிலேயே இரு" என்றால், நெருக்கத்தில் இரு என்றுதான் அர்த்தம். சாயங்காலம் மணலில் வந்து உட்கார்ந்தவர்களை விரட்டினார்கள். பந்து விளையாடிய பிள்ளைகளை விரட்டினார்கள். தூத்தூர் பக்கம் போனால் கால்பந்து இல்லாத பிள்ளையைப் பார்க்க முடியாது. அவனை வீட்டுக்குள் வைத்தால் கையில் போன்தான்.

2020இல் எங்கள் மேற்குக் கரைக்கு மீன்பிடித் தடை ஜூன் 15 முதல் ஜூலை 31 வரை, 47 நாள். அதற்கு முன்னால் ஊரடங்கு. தொழிலும் இல்லை, மணலும் இல்லை.

சிஸ்டர் சொன்ன வேன் கதை உண்மை. ஆனால் வேனில் வருவது வெளியூர்க்காரர்கள். வேனை நிறுத்துங்கள். நடந்து வருகிறவனை விடுங்கள்.

செவிலி, கல்குளம்:

முட்டம் அண்ணன் சொன்னது எனக்குப் புதிய விஷயம். நெருக்கமான வீட்டைவிட மணல் நல்லது என்பதை மறுக்க மாட்டேன். நடந்து வருகிற தூரத்தில் இருப்பவர்களுக்குத் திறக்கலாம் என்றால் அதை ஏற்கிறேன். ஆனால் சாயாக்கடை பெஞ்சை ஏற்க மாட்டேன். நாலு பேர் முகத்துக்கு முகம் பார்த்து, அரசியல் பேசி, சத்தம் போட்டு. கடைக்கு முன்பக்கம் திறந்திருக்கிறது என்பதால் அது வெளியிடம் ஆகிவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்தோஷத்தைவிட மரியாதைதான் நம் ஊரில் நோயை அதிகம் சுமந்தது. துக்கம் கேட்கப் போகாவிட்டால் பகை. போனால் கையைப் பிடிக்காமல் வர முடியாது. வீட்டுக்கு வந்தவருக்குச் சாயா கொடுக்காவிட்டால் குறை, கொடுத்தால் அவர் முகக்கவசத்தைக் கழற்றியாக வேண்டும். "வேண்டாம்" என்று சொல்லும் துணிவு பலருக்கு இல்லை. விதி கடுமையாக இருந்ததில் ஒரு நன்மை, வேண்டாம் என்று சொல்ல அது ஒரு சாக்காக இருந்தது.

வடிவீஸ்வரம் பெண்:

சாக்கு என்பது கல்யாணத்துக்குப் பொருந்தும், சிஸ்டர். மதுரையில் 2021 ஜனவரியில் ஒரு கல்யாணத்தில் பத்திரிகையிலேயே க்யூஆர் குறி அச்சிட்டு மொய் வாங்கினார்கள். வராமலேயே முறை செய்ய வழி கிடைத்தது. வேறு சிலர் சாப்பாட்டைப் பார்சல் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். யாருக்கும் பெரிய மனக்குறை இல்லை.

சாவுக்கு அது பொருந்தாது. 20 பேர் மட்டும் என்றார்கள். யார் அந்த 20 பேர்? சொக்காரர், அதாவது பங்காளிகள் முதலிலா, பெண் கொடுத்த வீடு முதலிலா? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இறந்தவரின் தங்கை களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் பாறசாலையில் இருந்தார். இ-பாஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாவுக்குப் பின் செய்யும் அடியந்திரச் சடங்குக்கும் அவர் வரவில்லை. இன்றுவரை அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சில்லை. மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. சொந்தம் அந்தப் பக்கமும் இருக்கிறது. நெய்யாற்றின்கரையில் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் எத்தனை பேர்! எல்லையில் சாவுக்குத் தனி வழி வேண்டும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கடற்கரை அதற்குப் பிறகு.

பாட்டுக்குழு அக்கா, மார்த்தாண்டம்:

துக்கம் கேட்பதையும் மாற்றிச் செய்யலாம். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இறந்தபோது அவர் கணவருக்குக் காது கேட்காது. முகக்கவசம் போட்டுப் பேசினால் அவருக்கு ஒன்றும் புரியாது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். அதனால் நாங்கள் ஒவ்வொருவராக முற்றத்துக் கோடியில் நின்று, முகக்கவசத்தை இறக்கி, அவர் திண்ணையில் இருந்து பார்க்கும்படி பேசினோம். யாரும் உள்ளே போகவில்லை, யாரும் சாயா குடிக்கவில்லை. அவர் அழுதார், நாங்களும் அழுதோம். மரியாதை குறைந்ததாக அவர் நினைக்கவில்லை.

நடைக்காரர், நாகர்கோவில்:

சரி, சாயாக்கடை பெஞ்சை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன், அதில் சிஸ்டரோடு நான் ஒத்துப்போகவில்லை என்றாலும். பெஞ்சைத் தெருவில் இறக்கி ஆளுக்கு ஒன்றாகப் போடலாம் என்பது என் எண்ணம். எல்லையில் சாவுக்குத் தனி வழி என்பதை முழுக்க ஆதரிக்கிறேன், அதுதான் முதல் கோரிக்கை. அடுத்ததாகக் கடற்கரையை விடிகாலை 5 முதல் 8 வரை நடப்பவர்களுக்கு மட்டும் திறக்கலாம். வாகனத்துக்கு அனுமதி கிடையாது.

முட்டம் கடலோடி:

விடிகாலை வேண்டாம் அண்ணாச்சி. வள்ளம் கரை ஏறும் நேரம் அதுதான். ஏலத்துக்கு ஆள் கூடுவார்கள், வலை இழுப்பார்கள். நடப்பவர்களும் சேர்ந்தால் நீங்கள் தவிர்க்க நினைக்கும் நெருக்கடி அங்கேயே வந்துவிடும். சாயங்காலம் 4 முதல் 6 வரை என்று வையுங்கள்.

வடிவீஸ்வரம் பெண்:

4 மணி என்றால் பழம்பொரி நேரம். அன்றைக்கு அடுப்பில் யார் நிற்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.