ஸ்டீராய்டு சாப்பிடுற பையன், எதிர் வீட்ல அம்மை. என்ன ஊசி போடலாம்?

கொடுங்கையூர் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். பையனுக்கு 6 வயசு, நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் (யூரின்ல புரோட்டீன் போற கிட்னி வியாதி), மூணு வயசுலேர்ந்து இருக்கு, இப்ப மூணாவது தடவையா திரும்பிடுச்சு. காலையில எழுந்தா கண்ணு ரெண்டும் வீங்கி இடுக்கா இருந்துச்சு, ஸ்ட்ரிப்ப யூரின்ல நனைச்சு ஜன்னல் வெளிச்சத்துல பார்த்தா மஞ்சள் போய் பச்சை ஏறிடுச்சு, மூணு நாள் விடாம புரோட்டீன் 3+. டாக்டர் தினம் 35 எம்ஜி ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்க, இன்னையோட 16 நாள், இன்னும் லேசா புரோட்டீன் (ட்ரேஸ்) காட்டுது.

நாங்க இருக்குறது ஹவுசிங் போர்டு, ஒரே வராண்டாவுல எட்டு வீடு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூரா எதிர் வீட்டுப் பையனோட உக்காந்து கேரம் ஆடினான், நேத்து காலையில பார்த்தா அந்த வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகி இருக்காங்க, சின்னம்மை. என் பையனுக்கு இது வரைக்கும் அம்மை போட்டதும் இல்ல, அம்மை ஊசியும் போடல. பக்கத்துல ஒரு கிளினிக்ல கேட்டா கூட்டிட்டு வாங்க உடனே ஊசி போட்டுடலாம்னாங்க, என்ன மாத்திரை சாப்பிடுறான்னு கேக்கவே இல்ல. மாமியாரோ, அம்மா வந்திருக்குற நேரத்துல ஊசியே கூடாதுங்குறாங்க. இதுல பாப்பாவுக்கு நாளைக்கு புதன்கிழமை மூணரை மாச ஊசி, சொட்டு மருந்தும் உண்டு, அது பையனுக்கு ஆகாதுன்னு வேற சொல்றாங்க. யார் பேச்ச கேக்குறதுன்னே தெரியல.

ராயபுரம் அப்பா:
தங்கச்சி, பதிலுக்காக காத்திருக்காதீங்க, இன்னைக்கே உங்க கிட்னி டாக்டருக்கு போன் போடுங்க. என் பொண்ணுக்கும் இதே வியாதி. ரெண்டு வருஷம் முன்னாடி சொந்தக்காரங்க வீட்ல அம்மை, நாங்க கொப்புளம் வந்தா பார்த்துக்கலாம்னு சும்மா இருந்துட்டோம். வந்தது, ஆனா சாதாரணமா வரல, வாய்க்குள்ள தொண்டையில எல்லாம் கொப்புளம், மூச்சு வாங்க ஆரம்பிச்சு ஒம்போது நாள் ஆஸ்பத்திரியில டிரிப்ஸ்ல மருந்து ஏத்தினாங்க. அம்மை ஒட்டின நாலு நாளுக்குள்ள வந்திருந்தா பாதுகாப்புக்கு ஊசி போட்டிருப்போமேன்னு டாக்டர் சொன்னப்ப எனக்கு பேச்சே வரல. ஞாயிறு, திங்கள், செவ்வாய்... உங்களுக்கு இன்னும் டைம் இருக்கு. பயத்துல ஸ்டீராய்ட மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க, அது இன்னும் ஆபத்து. ஜுரம் வந்தா பாராசிட்டமால் மட்டும், புரூஃபன் மாதிரி எதுவும் குடுக்காதீங்க, கிட்னிக்கு ஆகாது.

தண்டையார்பேட்டை சிஸ்டர்:
நான் ஹெல்த் சென்டர்ல ஊசி போடுறவ. அந்த கிளினிக் பக்கம் போகாதீங்கம்மா. சின்னம்மை ஊசியில இருக்குறது உயிரோட இருக்குற கிருமி, பலவீனமாக்கி வச்சிருப்பாங்க, அவ்வளவுதான். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஊசி), போலியோ சொட்டு மருந்தும் அதே வகை. ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்திய அமுக்கிடும், அதனால தினம் 20 எம்ஜிக்கு மேலயோ இல்ல கிலோவுக்கு 2 எம்ஜியோ ரெண்டு வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்ட குழந்தைக்கு இதெல்லாம் போடக்கூடாது, அத நிறுத்தி குறைஞ்சது நாலு வாரம் ஆகணும். ராயபுரம் அண்ணன் சொன்னது தடுப்பூசி இல்ல, ரெடிமேடா எதிர்ப்பு சக்திய ஏத்துறது, அது வேற. குழந்தை நல்லா இருக்குறப்ப, ஸ்டீராய்டு நின்னு அந்த நாலு வாரம் முடிஞ்சதும், சின்னம்மை ஊசி ரெண்டு டோஸ் கண்டிப்பா போட்டுடுங்க, அரசு ஊசி லிஸ்ட்ல அது இல்ல, வெளியில தான் வாங்கணும்.

அதுக்காக எல்லா ஊசியும் ஆகாதுன்னு நினைச்சிடாதீங்க. இத நான் வாராவாரம் பாக்குறேன், கிட்னி குழந்தைன்னு சொல்லி வீட்ல அஞ்சு வயசு டிபிடிய (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி ஊசி) கூட விட்டுடுறாங்க. டிபிடி, ஹெபடைடிஸ் பி, ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி இதுல எல்லாம் உயிருள்ள கிருமி கிடையாது, இந்தக் குழந்தைங்களுக்கு மத்தவங்கள விட அதிகமா தேவை. யூரின்ல புரோட்டீன் போறப்ப எதிர்ப்பு சக்தியும் சேர்ந்து போகுது, நிமோனியா வர வைக்குற நிமோகாக்கஸ் கிருமி வயித்துக்குள்ள போய் சீழ் பிடிக்குறது இவங்களுக்குத் தான் அதிகம். உங்க பையன் கார்ட எடுத்துப் பாருங்க, தமிழ்நாட்ல நிமோனியா ஊசி அரசு லிஸ்ட்ல சேர்ந்ததே 2021ல, அதுக்கு முன்னாடி பொறந்த பிள்ளைங்களுக்கு பெரும்பாலும் இருக்காது. மொதல்ல பிசிவிங்குற நிமோனியா ஊசி, எட்டு வாரம் கழிச்சு 23 வகை நிமோகாக்கஸுக்கான ஊசி. ஃப்ளூ வருஷா வருஷம், மழைக்கு முன்னாடி.

பாப்பா ஊசிய தள்ளாதீங்க. சொட்டு மருந்து கிருமி மலத்துல வாரக்கணக்குல வெளிய வரும், அதனால வீட்ல ஸ்டீராய்டு சாப்பிடுற அண்ணன் இருக்கான்னு ஊசி போடுறவங்க கிட்ட முதல்லயே சொல்லி போலியோவ ஊசியா மட்டும் கேளுங்க. மத்தது எல்லாம் போடலாம்.

பெரம்பூர் சித்தி:
எங்க அக்கா பொண்ணு டயாலிசிஸ்ல இருக்கா, அவளுக்கு ஹெபடைடிஸ் பி டபுள் டோஸ் போட்டு, அப்புறம் பிளட் டெஸ்ட்ல எதிர்ப்பு சக்தி அளவு 10க்கு மேல இருக்கான்னு பார்த்தாங்க. கிட்னி மாத்துறதா இருந்தா உயிருள்ள ஊசி எல்லாம் ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்னாடியே முடிச்சிருக்கணுமாம், அப்புறம் போட விட மாட்டாங்க.

கொடுங்கையூர் அம்மா:
சாயங்காலமே போயிட்டோம். விஷயத்த சொன்னதும் டாக்டர் உடனே அட்மிஷன் போட்டு இம்யூனோகுளோபுலின், அதான் சிஸ்டர் சொன்ன ரெடிமேட் எதிர்ப்பு சக்தி, டிரிப்ஸ்ல ஏத்தினாங்க. 28 நாள் வரைக்கும் தினம் உடம்ப பூரா பாக்கணும், ஒரு கொப்புளம் தெரிஞ்சாலும் ராத்திரின்னு பாக்காம ஓடி வரணும்னாங்க, அது வரைக்கும் ஸ்கூலும் இல்ல. இது ஏத்தினதால சின்னம்மை ஊசி இன்னும் 8 மாசம் போல தள்ளிப் போகுமாம். மாமியார் கிட்ட டாக்டரே உக்காந்து பேசினாங்க, இப்ப அவங்க தான் யூரின் நோட்ல ஓரமா நாள் எண்ணி எழுதுறாங்க, இன்னைக்கு 2. வீட்டுக்காரருக்கு சின்ன வயசுல அம்மை போட்டதே இல்லையாம், வீட்ல இருக்குற பெரியவங்க ஊசி போட்டுக்கிட்டா பையனுக்கும் பாதுகாப்புன்னாங்க, அவர் நாளைக்கு போறார். சிஸ்டர், அவருக்கு ஊசி போட்ட இடத்துல கொப்புளம் வந்தா பையன் கிட்ட போகலாமா?

தண்டையார்பேட்டை சிஸ்டர்:
வந்தா மட்டும் அது காயுற வரைக்கும் பையன் கிட்ட வராம தள்ளி இருக்கச் சொல்லுங்கம்மா. வரலன்னா ஒண்ணும் பிரச்சனை இல்ல, தாராளமா தூக்கலாம்.