பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்களுக்கான அறிமுக வாரத்துக்குப் பிந்திச் சென்றால் பாதிப்பு உண்டா?

உப்புவெளி மாணவி:
பெப்ரவரி இறுதியில் மெல்பேர்னில் பாடநெறிவழி முதுகலைப் படிப்பைத் தொடங்கவுள்ளேன். அறிமுக வாரத்திலேயே திருகோணமலையில் அக்காவின் திருமணம் நடக்கவிருப்பதால், ஒரு வாரம் பிந்திச் செல்லலாமா?

நிலாவெளி அண்ணா:
தங்கச்சி, திருமணத்தை விட்டுவிட்டுப் போகும்படி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த வாரம் வெறும் வரவேற்பு விழா அன்று. மாணவர் அடையாள அட்டை, பாடப்பதிவு, நேரசூசி ஆகியவற்றில் எழும் சிக்கல்களை, விரிவுரைகளின் நெருக்கடி தொடங்குமுன் நேரில் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பு அதுதான். வீசா நிபந்தனைப்படி, சென்றிறங்கி 7 நாட்களுக்குள் தங்குமிட முகவரியைப் பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்க வேண்டும். படிப்புத் தொடங்கிய பின்னரே வேலை செய்யலாம். தவணைக் காலத்தில் இரு வாரங்களுக்கு 48 மணித்தியாலங்களே வரம்பு. வேலைக்குச் சேரும்போது கேட்கப்படும் வரி இலக்கம் (TFN) இலவசமாகவே கிடைக்கும், அதற்காக எவருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

கோணேசர் கோயிலடி அக்கா:
நான் அந்த வாரத்தைத் தவறவிட்டவள். அடையாள அட்டை, பதிவு போன்ற வேலைகள் பிறகு முடிந்தன. ஆனால் மற்றவர்கள் முதல் நாட்களிலேயே நட்பாகிவிட்டதால், ஏறக்குறைய ஒரு மாதம் தனியாகவே சாப்பிட்டேன். கட்டாயம் பிந்துவதானால், தாமத வருகைக்கான கடைசித் திகதியை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்துமூல அனுமதி பெற்ற பின்னரே பயணச்சீட்டை மாற்றுங்கள்.

உப்புவெளி மாணவி:
மிக்க நன்றி. இன்றே எழுதிக் கேட்கிறேன். முடிந்தால் திருமணத்துக்கு மறுநாளே புறப்படுவேன்.