முக்கால் டன் டிரக்கில் 34 அடி ஃபிஃப்த் வீல் இழுக்கலாமா? சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்

கேட்டிவாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். ஜூனில் பள்ளி முடிந்ததும் ஆறு வாரம் கொலராடோ, யூட்டா பக்கம் போய் வரலாம் என்று பல வருட ஆசை. அதற்காக ஒரு ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர், அதாவது டிரக்கின் பெட்டுக்குள்ளேயே மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி, பார்த்து வைத்திருக்கிறேன். 34 அடி. காலி எடை 9,600 பவுண்டு, சாமானோடு சேர்ந்த மொத்த எடை வரம்பு 12,400. ஹிட்ச் எடை, அதாவது டிரக்கின் மேல் வந்து இறங்கும் பாரம், 1,790 என்று விவரத்தாளில் இருக்கிறது.

என்னிடம் இருப்பது முக்கால் டன் என்று சொல்லும் வகை டீசல் டிரக். நாலு கதவு, ஆறரை அடி பெட் (பின்னால் சுமை ஏற்றும் திறந்த தொட்டி), மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு. "இது 18,000 பவுண்டு இழுக்கும் வண்டி, கவலையே வேண்டாம்" என்கிறார் விற்பனையாளர். ட்ரெய்லரைப் பூட்டும் ஹிட்சையும் அவர்களே மாட்டித் தருவார்களாம். சனிக்கிழமை வரைதான் இந்த விலை என்கிறார்.

நான், மனைவி, 13 வயதுப் பையன், 8 வயதுப் பெண், திருச்சியிலிருந்து வரும் மாமியார், ஆக ஐந்து பேர். இதற்கு முன் நான் எதையும் இழுத்ததில்லை. பணத்தைக் கட்டலாமா?

சங்ககிரி:

தம்பி, பணம் கட்டாதீர்கள். முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டைப் பாருங்கள். ஆட்களும் சுமையும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு எண் இருக்கும். அதுதான் உங்கள் பேலோட். ஃபிஃப்த் வீலைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். 18,000 என்பது வண்டி பின்னால் இழுக்கும் கணக்கு. முதுகில் சுமக்கும் கணக்கு வேறு.

என் அப்பா நாமக்கல்லில் ட்ரெய்லர் லாரி ஓட்டியவர். எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்று அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அச்சு, பட்டை (ஸ்பிரிங்), டயர், இந்த மூன்றைப் பற்றித்தான் பேசுவார். இங்கே நாம் மாட்டுவதும் அதே கிங் பின் (ட்ரெய்லரின் முன்பக்க அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி), அதைக் கவ்வும் அதே தாடை. ட்ரெய்லரின் முன்பாரம் நேராக உங்கள் பின் அச்சின் மேல் வந்து உட்காரும். பம்பரில் மாட்டும் ட்ரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டியின் மேல் வைக்கும். ஃபிஃப்த் வீல் 20 சதவீதத்துக்கு மேலேயே வைக்கும். படுக்கை, துணி அலமாரி, கீழே பொருள் வைக்கும் அறை எல்லாம் முன்பக்கம்தானே இருக்கின்றன? நீங்கள் ஏற்றும் சாமானில் பாதிக்கு மேல் அங்கேதான் போகும். விவரத்தாளில் உள்ள 1,790 என்பது பேட்டரி இல்லாமல், கேஸ் இல்லாமல், ஒரு தட்டு கூட ஏற்றாமல் எடுத்த எண். அதை மறந்துவிடுங்கள். மொத்த எடை வரம்பான 12,400-ல் 21 சதவீதம் போடுங்கள். 2,600 பவுண்டு வருகிறது.

உங்கள் மாதிரி டீசல் வண்டிகளில் பேலோட் 2,000 சொச்சம்தான் இருக்கும். டீசல் எஞ்சின் கனம். 10,000 என்ற மொத்த வரம்பு மாறாததால் எஞ்சினின் கூடுதல் எடை உங்கள் பேலோடில்தான் கழியும்.

2016-ல் நானும் இதே தவறைச் செய்தேன். முக்கால் டன் டீசல், 33 அடி ட்ரெய்லர். சான் ஆண்டோனியோவிலிருந்து கொலராடோ போகும்போது ராட்டன் கணவாய் ஏறி இறங்கி வண்டியை நிறுத்தினேன். பின் டயரில் கை வைக்க முடியவில்லை. முன்பக்கம் ட்ரெய்லர் சரிந்து, பின் பட்டை ரப்பரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அடுத்த டிரக் ஸ்டாப்பில் எடைமேடையில் ஏற்றினேன். பின் அச்சில் 6,720. வண்டியின் பின் அச்சு வரம்பு 6,000. பின்சீட்டில் என் இரண்டு பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். டீசல் நிரப்பி, ஐந்து பேரும் ஏறி, பயணத்தில் பெட்டில் வைக்கப்போகும் சாமானையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப் ஒன்றுக்குப் போங்கள். கேட் ஸ்கேல் (CAT Scale) என்று பெரிய பலகை இருக்கும், அதுதான் எடைமேடை. முன் சக்கரம் ஒரு தட்டிலும் பின் சக்கரம் அடுத்த தட்டிலும் நிற்க வேண்டும். ஹோட்டல் சாப்பாட்டுச் செலவு கூட ஆகாது.

ஃபிரிஸ்கோ வண்டி:

நான் இதே மாதிரி டிரக்கில் 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீலை மூன்று வருடமாக இழுக்கிறேன். பின் அச்சுக்கு மேல் ஏர் பேக் (வண்டியைத் தூக்கிப் பிடிக்கும் காற்றுப்பை) போட்டுவிட்டேன், வண்டி தாழ்வதில்லை. 10,000 என்பது பதிவுக்காகப் போட்ட எண்தான். ஒரு டன் வண்டிக்கும் இதற்கும் பட்டையைத் தவிரப் பெரிய வித்தியாசம் இல்லை.

சங்ககிரி:

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. 10,000 பவுண்டு என்பது அமெரிக்க டிரக் எடைப் பிரிவுகளில் 2பி வகுப்பின் மேல்வரம்பு. அதற்குள் நிற்பதற்காகவே பல முக்கால் டன் வண்டிகளுக்கு அந்த எண்ணைப் போடுகிறார்கள். ஆனால் ஏர் பேக் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்குமே தவிர, அச்சு, டயர், பிரேக் எதன் வரம்பையும் ஒரு பவுண்டு கூட உயர்த்தாது. வண்டி நேராக நிற்கிறதே என்று நாம் நிம்மதியாக ஓட்டுவோம். எனக்கு அந்த நிம்மதியைப் பார்த்தால்தான் பயம். மூன்று வருடம் ஓட்டியிருக்கிறீர்கள், சரி. ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பின் அச்சு எண்ணை மட்டும் இங்கே போடுங்கள். உங்களுக்காகத்தான் கேட்கிறேன்.

டென்வர் மலர்:

எடை விஷயத்தைச் சங்ககிரி அண்ணா சொல்லிவிட்டார். நான் பெட் நீளத்தைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டிவாசி, உங்கள் பெட் ஆறரை அடி. ட்ரெய்லர் எட்டடி அகலம், அதாவது கிங் பின்னிலிருந்து மூலை வரை பக்கவாட்டில் நாலடி. ஹிட்ச் பின் அச்சுக்கு மேலே உட்காரும். அங்கிருந்து கேபின் வரை உங்கள் வண்டியில் நாலடி இருக்காது. முகாமில் ரிவர்ஸ் எடுத்து ஒடித்துத் திருப்பும்போது ட்ரெய்லரின் மூலை கேபினின் பின்கண்ணாடியில் வந்து இடிக்கும். எங்களுக்கு இடித்தது. முதல் பயணம், இருட்டு, நான் வெளியே நின்று கை காட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி உடைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இதற்காகவே ஸ்லைடர் ஹிட்ச் இருக்கிறது. கையால் இழுக்கும் வகையில், திருப்பத்துக்கு முன் இறங்கி லீவரைப் போட்டு ஹிட்சைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தானாக நகர்வது வசதி, ஆனால் கனம். அந்த எடையும் பேலோடில்தான் கழியும். ஆண்டர்சன் மாதிரி அலுமினிய ஹிட்ச் 40 பவுண்டுக்குள் முடிந்துவிடும், ஆனால் அது நகராது. சில ட்ரெய்லர்களில் முன்மூலையை உள்வாங்கிச் செய்திருப்பார்கள். அதைக் கேட்டுப் பாருங்கள். எட்டடி பெட் என்றால் இந்தத் தலைவலியே கிடையாது.

கேட்டிவாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை எடைமேடைக்குப் போனோம். மாமியார் எதற்கு என்று கேட்டார். சொன்னதும் அவரே முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கதவுச் சீட்டில் பேலோட் 2,215. ஐந்து பேர் 640 பவுண்டு. சின்ன ஜெனரேட்டர், கருவிப்பெட்டி, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து 150. எடைச் சீட்டு: முன் அச்சு 4,820, பின் அச்சு 3,760, மொத்தம் 8,580. வரம்பு 10,000 என்பதால் மீதி 1,420. இதில் ஹிட்ச் ஒரு 150 போனால் 1,270. அந்த ட்ரெய்லர் வைக்கப்போவது 2,600! விவரத்தாளில் இருக்கும் 1,790 கூட இதில் அடங்காது.

சனிக்கிழமை வேண்டாம் என்று விற்பனையாளரிடம் சொல்லிவிட்டேன். அதே ட்ரெய்லர் இன்னொரு இடத்திலும் கிடைக்கிறது. வண்டியை மாற்றலாமா என்று யோசிக்கிறோம். பயன்படுத்திய ஒரு டன் டிரக் ஒன்று பார்த்தேன். பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம், எட்டடி பெட், ஃபிஃப்த் வீல் ஹிட்ச் பூட்டும் துளைகள் தொழிற்சாலையிலேயே போட்டது. கதவுச் சீட்டைப் படம் எடுத்து வந்தேன். 3,800. போதுமா?

சங்ககிரி:

மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

3,800-ல் ஆட்கள் 640, சாமான் 150, ஹிட்ச் 150 கழித்தால் 2,860. கிங் பின் 2,600. மீதி 260. எடுக்கலாம். பெட்டில் இனி எதுவும் சேர்க்காதீர்கள், பையன் சைக்கிள் கேட்பான். ட்ரெய்லரின் தண்ணீர்த் தொட்டியை ஹூஸ்டனிலிருந்தே நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். ஒரு காலன் 8.3 பவுண்டு. 60 காலன் என்றால் 500 பவுண்டு. முகாமுக்குப் பக்கத்தில் போய் நிரப்பினால் போதும்.

ஹிட்ச் 16,000 பவுண்டு வகை போதும். கிங் பின்னுக்கு 4,000 தாங்குமா என்று மட்டும் அதில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டில் பாருங்கள். லைசென்ஸும் பிரச்சனை இல்லை. டெக்சஸில் வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த வரம்பு 26,000 பவுண்டைத் தாண்டி, ட்ரெய்லர் மட்டும் 10,000-க்கு மேல் இருந்தால்தான் ஏ வகுப்பு லைசென்ஸ் கேட்பார்கள். அந்த டிரக்கின் மொத்த வரம்பு 12,000 பக்கம் இருக்கும், 12,400 சேர்த்தாலும் உள்ளேதான். கதவில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் அந்த டிரக்கைச் சமதரையில் நிறுத்தி, பெட் சுவரின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து கொள்ளுங்கள். ட்ரெய்லரை மட்டமாக நிறுத்தி, அதன் முன்பக்க அடிப்பாகத்தின் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஆறு அங்குலம் வேண்டும். இப்போது வரும் நாலு சக்கர டிரைவ் வண்டிகள் உயரம் அதிகம். இடைவெளி வேண்டுமென்று ஹிட்சை ஏற்றி வைத்தால் ட்ரெய்லர் மூக்கைத் தூக்கி நிற்கும், பாரம் ட்ரெய்லரின் பின் அச்சுக்குப் போய்விடும்.

டென்வர் மலர்:

ஒன்றே ஒன்று. மாட்டியதும் ட்ரெய்லர் கால்களை முழுக்கத் தூக்கிவிடாதீர்கள். தரையைத் தொடாமல் ஓர் அங்குலம் இருக்கட்டும். கேபினில் இருக்கும் ட்ரெய்லர் பிரேக் லீவரைக் கையால் பிடித்துக்கொண்டு டிரக்கை மெல்ல முன்னால் நகர்த்துங்கள். தாடை சரியாகப் பூட்டியிருந்தால் வண்டி அசையாமல் நிற்கும். பூட்டாமல் கழன்றாலும் ட்ரெய்லர் காலில் உட்காரும், உங்கள் பெட் சுவர் மேல் விழாது. சாப்பிட நிறுத்தி மறுபடி கிளம்பினாலும் இறங்கிப் போய் அந்தத் தாடையைப் பாருங்கள். ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹவர் சுரங்கம் வழியாக வருவீர்கள் என்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள். 11,000 அடிக்கு மேலே இருக்கிறது, இரண்டு பக்கமும் செங்குத்தான இறக்கம். எக்ஸாஸ்ட் பிரேக்கை (இறக்கத்தில் எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) எங்கே போட வேண்டும் என்று சொல்கிறேன். வழியில் எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தெருவில் ட்ரெய்லர் நிறுத்த இடம் இருக்கிறது.