8 அங்குல ஊஃபர் போய்விட்டது: 30 லிட்டர் பெட்டி, கையில் 3,000 ரூபாய்

தாம்பரம்வாசி:
2011-இல் நானே ப்ளைவுட் அறுத்துச் செய்த ஜோடி ஸ்பீக்கர். துளை இல்லாத மூடிய பெட்டி, உள்ளே 30 லிட்டர். 8 அங்குல ஊஃபர் (கனத்த ஒலிக்கு), ஒரு அங்குல சில்க் டோம் ட்வீட்டர் (மெல்லிய ஒலிக்கு), இரண்டுக்கும் ஒலியை 2,500 ஹெர்ட்ஸில் பிரிக்கும் க்ராஸ்ஓவர். போன வாரம் இடது பக்க ஊஃபரில் சத்தமே வரவில்லை. கழற்றினால், கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் விரல் பட்டதும் கறுப்புப் பிசினாக ஒட்டிக்கொண்டு வருகிறது. மல்டிமீட்டர் வைத்தேன், காயில் ஓப்பன், அதாவது உள்ளே கம்பி அறுந்துவிட்டது. வலது பக்கக் காயில் 5.9 ஓம் காட்டுகிறது, ஆனால் அதன் ஃபோமும் வெடித்துவிட்டது. அந்த மாடல் இப்போது கிடைப்பதில்லை. இரண்டுக்கும் சேர்த்து 3,000 ரூபாய்தான் முடியும். சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் பெயர் இல்லாத 8 அங்குல ஊஃபர், ரப்பர் விளிம்பு, ஒன்று 1,100 என்றார்கள். வாங்கலாமா?

பழைய ஊஃபரின் அளவுத் தாள் இருக்கிறது: எஃப்எஸ் (கோன் தானாக அதிரும் வேகம்) 38 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எப்படி அடங்கும் என்பதைக் காட்டும் எண்) 0.45, வாஸ் (கோனின் இளக்கத்துக்குச் சமமான காற்றின் அளவு) 50 லிட்டர், 87 டெசிபல், 8 ஓம்.

ஓம்விதி:
அளவு தெரியாத ஊஃபரை வாங்காதீர்கள். உங்கள் பெட்டி அந்தப் பழைய ஊஃபருக்காகப் போட்ட பெட்டி. வாஸை 30 லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். 1.63 வரும். அதை க்யூடிஎஸ்ஸோடு பெருக்கினால் பெட்டிக்குள் வரும் க்யூ 0.73, எஃப்எஸ்ஸோடு பெருக்கினால் பெட்டிக்குள் அதிரும் வேகம் 62 ஹெர்ட்ஸ். மூடிய பெட்டிக்கு க்யூ 0.7 பக்கம் வந்தால் பாஸ் சமமாக இறங்கும். 1-ஐத் தாண்டினால் ஒரே இடத்தில் மேடு கட்டி, 'டொம் டொம்' என்று எல்லாப் பாட்டும் ஒன்றுபோலக் கேட்கும். ஆஸ்திரேலியாவில் தீல் என்ற பொறியாளர் 1961-லேயே இந்த வழியைக் காட்டிவிட்டார். ரிச்சர்ட் ஸ்மால் 70-களில் அதை விரித்து எழுதினார். இத்தனை வருடம் கழித்தும் காந்தத்தின் அளவைப் பார்த்து வாங்குவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

காதே_கணக்கு:
சார், நீங்கள் சொல்லும் அளவோடு வரும் ஊஃபர் எல்லாம் இறக்குமதி. சுங்கம், கூரியர் எல்லாம் சேர்த்து ஒன்றே 3,000-ஐத் தாண்டும். அவர் கேட்டது ஜோடி. 20 வருடமாக ரிச்சி ஸ்ட்ரீட் ஊஃபரில்தான் பெட்டி போடுகிறேன். கடையில் ஆம்ப்பில் கொடுத்துக் கேட்பேன், கோனை அழுத்திப் பார்ப்பேன், மிருதங்கத்தின் இடந்தலை சரியாக வந்தால் வாங்குவேன். என் பெட்டிகள் இன்றும் பாடுகின்றன.

ஓம்விதி:
கடையில் பெட்டியில் போடாமல் வெறுமனே கேட்டால் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். அங்கே எந்த ஊஃபரிலும் பாஸ் தெரியாது. இடந்தலையை எப்படி எடைபோடுவீர்கள்?

காதே_கணக்கு:
கடையிலேயே ஒரு காலிப் பெட்டி இருக்கிறது, அதில் வைத்துத்தான் கேட்பேன். கோன் எவ்வளவு இலகுவாக உள்ளே போகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். விளிம்பு விறைப்பாக இருந்தால் அது மேடைச் சரக்கு, சத்தம் பெரிதாக இருக்கும், ஆழம் இருக்காது. வீட்டுக்கு வேண்டாம் என்று வைத்துவிடுவேன். இதற்கு எண் எதற்கு?

திருச்சி_கோன்கட்டு:
தம்பி, நான் சவுண்ட் சர்வீஸ்காரன். இடதுக்குப் புதுக் காயில் கட்டலாம், இரண்டுக்கும் ஃபோம் மாற்றலாம், பெட்டியைத் தொடவே வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கட்டிய காயிலின் கம்பி கனமும் சுற்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் இடதும் வலதும் இரண்டு குரலில் பேசும். ஒட்டும்போது நடுவில் நான்கு காகிதத் துண்டு சொருகி மையம் பிடிக்காவிட்டால் காயில் உரசும். இரண்டு கட்டைவிரலாலும் கோனை மெதுவாக அழுத்தினால் 'கர்' என்று கேட்கும், அதுதான் அடையாளம். உங்கள் ஊரில் நிதானமாகச் செய்பவர் கிடைத்தால் இதுதான் மலிவு.

தாம்பரம்வாசி:
நன்றி அண்ணே. இங்கே ஒருவரிடம் கேட்டேன். இருக்கிற காயிலைத்தான் போடுவேன், 4 ஓமாகவும் இருக்கலாம் என்றார். என் ஆம்ப் 8 ஓமுக்கானது, அதனால் வந்துவிட்டேன். ஒரு நண்பர் கார் சப்ஊஃபர் போடச் சொன்னார்.

ஓம்விதி:
வேண்டாம். பெரும்பாலும் 4 ஓம், 84 டெசிபல் பக்கம்தான் இருக்கும். பழைய சத்தத்துக்கே இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும். மேலே 2,500 ஹெர்ட்ஸ் வரை அது பாடவும் பாடாது.

தாம்பரம்வாசி:
சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். பிடிக்காவிட்டால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் ஒத்துக்கொண்டார். ஜோடி 2,100. வீட்டில் ராத்திரி முழுக்கக் குறைந்த சத்தத்தில் ஓட்டிவிட்டு, லேப்டாப், ஒரு ரெசிஸ்டர், ஒலி அளக்கும் இலவச ஆர்.ஈ.டபிள்யூ. மென்பொருள் வைத்து அளந்தேன். வாஸுக்காகச் சமையலறைத் தராசில் 10 கிராம் களிமண் நிறுத்து, கோனில் காயிலைச் சுற்றி வளையமாக ஒட்டினேன். முதல் ஊஃபர்: எஃப்எஸ் 47, க்யூடிஎஸ் 0.50, வாஸ் 28 லிட்டர். கணக்குப் போட்டால் பெட்டியில் 0.70, 65 ஹெர்ட்ஸ்!

காதே_கணக்கு:
பார்த்தீர்களா? பெயர் இல்லாத ஊஃபர், 1,050 ரூபாய், பழைய 62-க்குப் பக்கத்தில் 65. இதைத்தான் நான் காதால் செய்கிறேன்.

தாம்பரம்வாசி:
அவசரப்படாதீர்கள் சார். இரண்டாவது ஊஃபர்: எஃப்எஸ் 58, க்யூடிஎஸ் 0.64. அதே அட்டைப்பெட்டி, அதே ஸ்டிக்கர்.

ஓம்விதி:
அதைத்தான் சொன்னேன். அளவுத் தாள் இல்லாத சரக்கில் ஜோடி என்பதே கிடையாது. ஒன்றைக் காதால் தேர்ந்தெடுக்கலாம், அதற்கு இரட்டையைக் காதால் பிடிக்க முடியாது. குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும்.

காதே_கணக்கு:
இரண்டாவதை நான் கையில் எடுத்திருந்தால் விறைப்பு தெரிந்திருக்கும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் 0.50-க்கும் 0.64-க்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியுமா என்றால், தெரியாது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

தாம்பரம்வாசி:
திரும்பப் போய், கடைக்காரரின் மேசையிலேயே லேப்டாப்பை விரித்து ஐந்து ஊஃபரை அளந்தேன். அவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எஃப்எஸ் 49, க்யூடிஎஸ் 0.52 என்று ஒன்று கிடைத்தது, எடுத்துவிட்டேன். பெட்டியில் ஊஃபர் உட்காரும் துளை 2 மி.மீ. சின்னது, அரம் வைத்து ராவினேன். 1.5 வோல்ட் பேட்டரி தொட்டுப் பார்த்து, இரண்டு கோனும் ஒரே பக்கம் நகர்வதை உறுதி செய்தேன். பாஸ் நன்றாக இருக்கிறது. பாடுபவர் குரல் மட்டும் கொஞ்சம் தடித்துக் கேட்கிறது.

ஓம்விதி:
புது ஊஃபர் பழையதைவிடச் சத்தம் கூடுதலாக இருக்கும். ட்வீட்டர் முன்னால் என்ன ரெசிஸ்டர் இருக்கிறது?

தாம்பரம்வாசி:
4.7 ஓம், 10 வாட், வெள்ளைப் பீங்கான்.

ஓம்விதி:
8 ஓம் ட்வீட்டர் என்றால் அது 4 டெசிபல் குறைக்கிறது. 2.2 ஓம் போட்டால் 2 டெசிபல்தான் குறையும். முதலில் முதலை வாய் க்ளிப்பில் மாட்டிக் கேளுங்கள், பிடித்த பிறகு பற்றவையுங்கள்.

காதே_கணக்கு:
கேட்கும்போது தெரிந்த குரல் ஒன்றைப் போடுங்கள் தம்பி. வீட்டில் யாரையாவது பக்கத்தில் நின்று பேசச் சொல்லிப் பதிவு செய்து, அதைப் போட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.