சான்ட்ரோ டைமிங் பெல்ட்: கேம் மார்க் அரைப் பல் தள்ளி நிற்கிறது

வணக்கம். 2008 சான்ட்ரோ ஜிங், 1.1 பெட்ரோல், 92,000 கி.மீ. ஊர் திருநெல்வேலி. போன ஞாயிறு நானே டைமிங் பெல்ட் (எஞ்சினில் கிராங்க், கேம் தண்டுகளை இணைத்துச் சுற்றும் பல் வைத்த பட்டை), டென்ஷனர் (அந்த பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) இரண்டும் புதிதாகப் போட்டேன். அதிலிருந்து ஐடிலில் வண்டி நடுங்குகிறது, மேட்டில் இழுவையே இல்லை. இதற்கு முன் நன்றாகத்தான் ஓடியது.

மாட்டும்போது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இரண்டின் பல்சக்கரத்திலும் உள்ள பொருத்தும் மார்க்குகள் சரியாக இருந்தன. டென்ஷனரை இறுக்கி, ஸ்பானரால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றினால் கேம் மார்க் மட்டும் அரைப் பல் விலகுகிறது. மூன்று முறை கழற்றி மாட்டியாயிற்று, அதே கதை. வெளிப் புல்லி மார்க்கை நம்பாமல் உள்ளே கிராங்க் பல்சக்கர மார்க்கையே பார்த்தேன். பிளக், ஒயர், வேக்யூம் ஹோஸ் எல்லாம் சரி. அம்மாவை வாரம் இருமுறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது இந்த வண்டியில்தான்.

டென்ஷனர் இல்லாத பக்கம் பெல்ட் தொய்வாக இருந்தால் இப்படி விலகுமா, அல்லது கேமை ஒரு பல் மாற்றி மாட்ட வேண்டுமா?